கிளை ஒடிந்த சத்தம்

மார்ச் 4

இன்றிலிருந்து எனக்கு வேலை கிடையாது. சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். வனக்காப்பாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து சாயங்காலம் ஆனால் டைரி எழுதிப் பழகிய கை இது. 'ரோந்து சென்றேன். குறிப்பிடும்படி ஏதும் இல்லை.' அந்த டைரியை ரேஞ்சர் வாங்கிப் பூட்டிவிட்டார். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. உரக்கடையில் கொடுத்த டைரி ஒன்று வீட்டில் கிடந்தது. இதை எந்த அதிகாரியும் கேட்டு வாங்கப் போவதில்லை. மனசு விட்டுத் திட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம் நானும் நஞ்சனும் கல்மேட்டு முகாமுக்கு மேலே பாறையில் உட்கார்ந்திருந்தோம். காடு காய்ந்து கிடக்கிறது. எங்கே புகை கிளம்புகிறது என்று பார்ப்பதுதான் இந்த மாதங்களில் வேலை. கீழே கூப்பிடு தூரத்தில் குட்டை. நஞ்சன் ஒரு முறை எழுந்து நின்றான். கால் மரத்துப் போயிருக்கும். "உக்காருடா" என்றேன், உட்கார்ந்தான். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் காலை அந்தக் குட்டைக் கரையில், புதர் மறைவில், காட்டெருமை ஒன்று செத்துக் கிடந்தது. சினை மாடு. தொடைக்கறியை அறுத்துக்கொண்டு, வயிற்றில் இருந்த கன்றை ஈ மொய்க்கப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கழுத்தில் ஒரே குண்டு. நாட்டுத் துப்பாக்கி ரவை இல்லை, ரைபிள் குண்டு.

ரேஞ்சர் அருள்தாஸ் எங்கள் இருவரையும் ஆபீஸில் நிற்க வைத்துக் கேட்டார். "கூப்புடு தூரத்துல ரைபிள் வெடிச்சிருக்கு. நீங்க ரெண்டு பேரும் பாறை மேல உக்காந்திருக்கீங்க. சத்தம் கேக்கலைங்கிறீங்க. ஒண்ணு தூங்கியிருக்கணும், இல்ல கை நீட்டியிருக்கணும். எதுன்னு நீங்களே சொல்லிடுங்க நாச்சிமுத்து."

"ரெண்டும் இல்லீங் சார். சத்தமே வரல. வெளிச்சமும் வரல. நான் அந்தப் பக்கந்தான் பாத்துட்டு இருந்தேன்."

"நீ என்ன சொல்ற நஞ்சா?"

நஞ்சன் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் கேக்கல சார்" என்றான்.

எனக்கு சஸ்பெண்ட், விசாரணை, குற்றம் நிரூபணமானால் பென்ஷனுக்கும் வேட்டு. நஞ்சன் தினக்கூலி வேட்டைத் தடுப்புக் காவலன். அவனுக்கு விசாரணை எல்லாம் எதற்கு? "நாளையில இருந்து வரவேண்டாம்" என்றார். அவ்வளவுதான், போய்விட்டான்.

திருடன் என்று சொல்லிவிட்டார்கள் என்னை. சந்தனக் கட்டைக்காரன் நீட்டிய பணத்தை அவன் மூஞ்சியிலேயே விட்டெறிந்தவன் நான். அருள்தாஸ் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

மார்ச் 7

வீட்டில் இருப்பது கொடுமை. துளசிமணி பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, மூன்று விசில் வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு ரேஷன் கடைக்குப் போனாள். குக்கருக்கு எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு விசில் கூட வரவில்லை. கருகல் நாற்றம்தான் வந்தது. விசிலில் அடைப்பு, ஊசி விட்டுக் குத்து என்றேன். அவள் பாத்திரத்தைச் சுரண்டினாள். எதிர்த்து இரண்டு வார்த்தை பேசினாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

இப்போதெல்லாம் இவள் வாயைத் திறந்து பேசுவதே இல்லை. முணுமுணுக்கிறாள். கூப்பிட வேண்டுமென்றால் கிட்டே வந்து தோளைத் தொடுகிறாள். என்ன புதுப் பழக்கமோ தெரியவில்லை.

மார்ச் 8

டீக்கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. அல்லது குசுகுசுவென்று தொடர்கிறது. எதுவாக இருந்தாலும் என்னைப் பற்றித்தான்.

மார்ச் 11

பாறையில் உட்கார்ந்திருந்ததை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டேன். மசங்கல் இருட்டில் ரைபிள் வெடித்தால் குழல் வாயில் ஒரு பிடி நெருப்பு தெரியும். என் கண்ணுக்கு அது தப்பாது. மூன்று மலை தள்ளிப் புகை கிளம்பினால் முதலில் சொல்பவன் நான்தான். நெருப்பும் இல்லை, சத்தமும் இல்லை, குண்டு மட்டும் வந்திருக்கிறது. அப்படியானால் ஒரே பதில்தான். சைலன்சர். துப்பாக்கிக் குழலின் முனையில் மாட்டுகிற உருளை. சத்தத்தையும் தீயையும் அமுக்கிவிடும். பயிற்சியின்போது படத்தில் காட்டியிருக்கிறார்கள்.

ஓடினேன் ரேஞ்சரிடம். சிரித்தார். "சைலன்சரா? புல்லட் வண்டியிலயா வந்து சுட்டான்?" கூட இருந்த கிளார்க்கும் சிரித்தான். "சார், ஒரு வார்த்தை போலீசுல கேட்டுப் பாருங்க" என்றேன். அதற்கு மேசையில் குனிந்தபடி ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். மறுபடியும் குனிந்தபடியே சொன்னார். மனுசனை மதித்து நிமிர்ந்து பேசத் தெரியாத ஆள்களை எல்லாம் பரீட்சை வைத்து எடுத்து அனுப்புகிறார்கள்.

வெளியே வந்து ஆபீஸ் கேட்டை ஓங்கிச் சாத்தினேன். கை வலிக்கிறது.

மார்ச் 15

இந்த வருடம் வறட்சி சாதாரண வறட்சி இல்லை. வேப்ப மரம் பூத்துவிட்டது, ஒரு குயில் கூடக் கூவவில்லை. காட்டோரம் நடந்துவிட்டு வந்தேன். சில்வண்டு கூட இல்லை. முன்பெல்லாம் இந்த மாதத்தில் சில்வண்டுச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேச்சே காதில் விழாது. எல்லாம் செத்துவிட்டது. இதை யாராவது எழுதுகிறார்களா? மாடு செத்தால் மட்டும் நாச்சிமுத்துவைப் பிடித்துக்கொள்வார்கள்.

சில்வண்டு என் காதுக்குள் மட்டும் இருக்கிறது. வாழைத் தோட்டத்தில் யானை விரட்டும்போது கைக்குப் பக்கத்திலேயே வெடி வெடித்ததில் பிடித்த சனியன். ஙொய் என்று ஒரே சுருதி. பழகிவிட்டது.

மார்ச் 19

கைகாட்டி முக்கில் மினிபஸ்காரன் என் மேல் ஏற்றப் பார்த்தான். ஹாரன் அடிக்காமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிறுத்திவிட்டு, அவன் என்னைத் திட்டுகிறான். நானும் விடவில்லை, வண்டியின் கண்ணாடியைத் தட்டிக் கேட்டேன். கூட்டம் கூடிவிட்டது. எல்லாரும் அவன் பக்கமே பேசினார்கள். சஸ்பெண்ட் ஆனவனுக்கு ரோட்டில் நடக்கவும் உரிமை இல்லை போல.

அந்தக் கோபத்தோடே நஞ்சன் வீட்டுக்குப் போனேன். பத்து வருடம் ஒரே சட்டியில் சோறு தின்றவன், ஒரு நாள் வந்து எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து போய் நின்றால்தானே ரேஞ்சர் நம்புவார்? "விறகுக்குப் போயிருக்குதுங்க சார்" என்றாள் அவன் பெண்சாதி. வீட்டுக்குப் பின்னால் மூங்கில் பட்டி. அதன் இடுக்கில் அவன் சட்டையின் காக்கி தெரிந்தது. ஒளிந்துகொண்டு நிற்கிறான், என் நஞ்சன்.

கூப்பிடவில்லை. திரும்பி வந்துவிட்டேன். ஒருவேளை பணம் வாங்கியது இவன்தானோ என்று வழியெல்லாம் நினைத்தேன். எழுதும்போது அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் நினைத்தேன்.

மார்ச் 26

மாட்டிக்கொண்டார்கள்!

கீழ்ச் சோதனைச் சாவடியில் பெரிய காரில் மூன்று பேர். சீட்டுக்கு அடியில் ரைபிள். கூடவே துணியில் சுற்றிய கறுப்பு உருளை ஒன்று. காட்டோரம் சொகுசு பங்களா கட்டி, வருகிறவர்களுக்குக் காட்டுக்கறி விருந்து போடுகிற கும்பல். குட்டை மாட்டையும் நாங்கள்தான் சுட்டோம் என்று ஒப்புக்கொண்டார்களாம்.

சைலன்சர். நான் சொன்னேன். அத்தனை பேரும் சிரித்தீர்கள். இப்போது சிரியுங்கள் பார்ப்போம்.

துளசிமணியிடம் சத்தமாகச் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு என் காதை, வலது காதை, முந்தானையால் துடைத்தாள். எதற்கென்று தெரியவில்லை.

ஏப்ரல் 2

ரேஞ்சரே போன் செய்தார். இந்த போனில் ஒன்றும் சரியாகக் கேட்பதில்லை. போன வருடம்தான் மாற்றினேன், இதுவும் தகரடப்பா. துளசிமணி வாங்கிக் கேட்டுச் சொன்னாள். அதே இடத்தில், அதே பொழுதில் சுட்டுப் பார்க்கப் போகிறார்களாம். நானும் நஞ்சனும் அதே பாறையில் உட்கார வேண்டும்.

ஏப்ரல் 5

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

பாறையில் நான், நஞ்சன், ரேஞ்சர், ஒரு சப் இன்ஸ்பெக்டர். நஞ்சன் எனக்கு வணக்கம் வைத்தான், முகத்தைப் பார்க்கவில்லை. எதிர்ச் சரிவில் ஆயுதப்படையிலிருந்து வந்த ஆர்மரர், துப்பாக்கிகளைப் பராமரிக்கிறவர், பெயர் சூசைராஜ். குட்டைக் கரையில் மணல் மூட்டை.

முதலில் உருளை இல்லாமல் ஒரு குண்டு. சரிவில் ஆரஞ்சு நிறத்தில் நெருப்பு பளிச்சென்றது. பாறையே அதிருகிற மாதிரி சத்தம். எனக்கு நன்றாகக் கேட்டது. பார்த்தீர்களா, இது வெடித்திருந்தால் கேட்டிருக்காதா என்று ரேஞ்சர் பக்கம் திரும்பினேன். அவர் ஒப்புக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

பிறகு உருளையை மாட்டினார்கள். காத்திருந்தோம். நெருப்பு எதுவும் தெரியவில்லை. அத்தி மரத்திலிருந்து கிளிக் கூட்டம் கிளம்பிப் பறந்தது. மணல் மூட்டையில் புழுதி எழுந்தது. காற்று என்று நினைத்தேன். ரேஞ்சரின் தோள் லேசாகத் தூக்கிப்போட்டது. நஞ்சனின் தலை சரிவுப் பக்கம் திரும்பியது. மறுபடியும் புழுதி, மறுபடியும் நஞ்சன் தலை, இன்னொரு முறையும் அதே.

'இன்னும் ஏன் சுடமாட்டேங்கறாங்க?' என்று கேட்க வாயைத் திறந்தேன். என் கால் மேல் ஒரு கால் அழுந்தியது. நஞ்சன் பாதம். வலிக்கும்படி மிதித்தான். என்னைப் பார்க்காமல், எதிரே பார்த்துக்கொண்டே மிதித்தான்.

வாயை மூடிக்கொண்டேன்.

சூசைராஜ் மேலே ஏறி வந்தார். கழுத்தில் ஹெட்போன் மாதிரி இரண்டு பெரிய கிண்ணங்கள் தொங்கின. காதுமூடி. ரேஞ்சர் அவரிடம், "சைலன்சர்னா சத்தமே வராதுன்னு நெனச்சேன். சடக்குன்னு கேக்குதே?" என்றார்.

"சினிமாவுலதான் சார் அப்படி. குழல் வாயில கெளம்புற வெடிச் சத்தத்தை இது கொறைக்கும், தீயை மறைக்கும். குண்டு காத்தைக் கிழிச்சுட்டுப் போற சத்தத்தை ஒண்ணும் பண்ண முடியாது. அதான் கிளை ஒடிஞ்ச மாதிரி கேக்குது. எந்தப் பக்கம்னும் புடிபடாது."

ரேஞ்சர் என் தோளில் தட்டினார். "கரெக்ட்டுதான் நாச்சிமுத்து. இதைக் கேட்டா யாரும் துப்பாக்கின்னு சொல்லமாட்டாங்க. உங்களுக்குக் கேட்டிருக்கும், கிளைன்னு விட்டிருப்பீங்க. அப்படியே எழுதிக் குடுத்துருங்க, ஃபைலை முடிச்சிடலாம்."

நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதிருந்து நான் எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

"காதுல அது எதுக்குங்க?" என்று சூசைராஜிடம் கேட்டேன்.

"காது போயிரும்ல? டிப்பார்ட்மெண்ட்ல கட்டாயம். நாலே ரவுண்டுன்னாலும் போடணும்." பிறகு அந்த உருளையைத் தூக்கிக் காட்டினார். "இதையே வெளிநாட்டுல பாதிப் பேரு காதுக்காகத்தான் மாட்டுறாங்க. சுடறவன் காது கெடாம இருக்கும்."

அவர் தெரியாமல்தான் சொன்னார். மாட்டைக் கொன்றவன் தன் காதைப் பத்திரமாக வைத்திருக்கிறான். நான்கு குண்டு சுட்டவருக்கு மூடி உண்டு. இந்தச் சரகத்தில் யானை இறங்கிய ஊருக்கெல்லாம் ஓடி, திரியைக் கையில் பற்றவைத்துத் தலைக்கு மேல் வெடி வீசினவனுக்கு ஒரு பஞ்சு கூடக் கொடுத்ததில்லை. வெடிப்பெட்டி மட்டும் மாசாமாசம் தவறாமல் வந்தது.

இறங்கும்போது நஞ்சனைத் தனியாக நிறுத்தினேன். "அன்னைக்கு எந்திரிச்சியே. கேட்டுதா?"

"கேட்டுது சார். போய்ப் பாக்கலாமான்னு கேட்டேன். நீங்க குட்டையப் பாத்துட்டே, உக்காருடான்னீங்க."

அவன் கேட்டதே எனக்குத் தெரியாது.

"ரேஞ்சர் கேட்டப்ப ஏன்டா கேக்கலைன்னு சொன்ன?"

"நீங்க மொதல்ல கேக்கலைன்னுட்டீங்க. நான் கேட்டுதுன்னா, உங்களுக்குக் காது இல்லைன்னு ஆயிரும். வேலையில வச்சிருக்க மாட்டாங்க. எனக்குப் போனா கூலி வேலை சார், வேற பாத்துக்கலாம்."

"ஊட்டுக்கு வந்தப்ப எதுக்கு ஒளிஞ்ச?"

"நேர்ல பாத்தா சொல்லிப்போடுவேன்னு பயமா இருந்துச்சு."

ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை.

ஏப்ரல் 6

எழுதப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 7

துளசிமணியை எதிரில் உட்கார வைத்துக் கேட்டேன். "எவ்வளவு நாளா உனக்குத் தெரியும்?"

"ரெண்டு வருசமாச்சுங்க."

"ஏன் சொல்லல?"

"ஒருக்கா சொன்னனுங்களே. எனக்கா செவிடுன்னு சொம்பைத் தூக்கி வீசுனீங்க. அப்புறம் தோளைத் தொட்டுக் கூப்புடப் பழகிட்டேன்."

சொம்பு வீசியது நினைவில் இல்லை. ஆனால் பித்தளைச் சொம்பில் ஒரு நசுங்கல் இருக்கிறது, தினமும் அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன்.

"குயிலு?" என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "வேப்ப மரத்துல இருக்குதுங்க. வெடிஞ்சதுல இருந்து கூவிட்டே இருக்குது."

எழுந்து ஜன்னலுக்குப் போய், அந்த மரத்தில் கிளை கிளையாகத் தேடினேன்.

ஏப்ரல் 8

ரேஞ்சர் ஆபீசுக்குப் போனேன். நஞ்சனையும் வரச் சொல்லியிருந்தேன். அவன் வாசலிலேயே நின்றான், கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

ரேஞ்சர் எழுதித் தயாராக வைத்திருந்தார். 'கிளை முறியும் சத்தம் என்று கருதிவிட்டேன்.' கையெழுத்துப் போட்டால் போதும். வேலை, பென்ஷன், மரியாதை எல்லாம் திரும்ப வந்துவிடும். பேனாவை நீட்டினார்.

"நஞ்சனுக்கு?"

"அவன் டெம்பரரி. இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு."

பேனாவை மேசையிலேயே வைத்தேன். "சார், அவனுக்குக் கேட்டுது. போய்ப் பாக்கலாமுன்னு சொன்னான். நான் உக்காருன்னேன், ஏன்னா எனக்குக் கேக்கல. அன்னைக்கு மட்டுமில்ல, மூணு நாள் முன்னாடி பாறையில உருளைய மாட்டிச் சுட்டதும் எனக்குக் கேக்கல. என் காது போயிருச்சு. நீங்க அனுப்புன வெடிதான் கொண்டுபோச்சு. இதை எழுதுங்க, கையெழுத்துப் போடறேன். அவனைத் திரும்ப எடுங்க. இனிமே வெடிப்பெட்டி வந்தா கூடவே காதுமூடி வரணும். அந்த ஆர்மரர் போட்டிருந்தாரே, அது."

ரேஞ்சர் எழுந்தார். ஜன்னல் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் தோள் அசைவதிலிருந்து பேசுகிறார் என்று தெரிந்தது. நஞ்சன் முகம் மாறியது. என் காதுக்கு ஒரு வார்த்தை கூட வரவில்லை.

அருள்தாஸின் பக்கத்தில் போய் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அதிகாரியின் சட்டைக்கையைப் பிடித்துத் திருப்பினேன்.

"இப்படித் திரும்பிச் சொல்லுங்க சார். என் மூஞ்சியப் பாத்து."

கத்தியிருக்கிறேன் போல. கிளார்க் ஓடி வந்துவிட்டான். ரேஞ்சர் என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். முன்பு சொன்னதை அவர் திரும்பச் சொல்லவில்லை. அது நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"நஞ்சன் திங்கக்கிழமை வரட்டும். உங்களை மெடிக்கல் போர்டுக்கு அனுப்பணும். அது வர்ற வரைக்கும் முகாம்ல இருங்க. ஒண்டியா ரோந்து போகக் கூடாது. காதுமூடிக்கு மேலதான் எழுதணும், எப்ப வரும்னு எனக்குத் தெரியாது."

"அது வரைக்கும் நாங்க காதுல வெரலை விட்டுக்கணுமா?"



ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. ஹார்டுவேர் கடையில் காதுமூடி ஒன்று வாங்கினேன். பாறை துளைக்கிறவர்கள் போடுவது. மஞ்சள் நிறம். கடைக்காரன், "உங்களுக்கா?" என்று கேட்டான். "எனக்கு எதுக்கு இனிமே?" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

ஏப்ரல் 19

மெடிக்கல் போர்டு இன்னும் கூப்பிடவில்லை. முகாமில்தான் இருக்கிறேன். நேற்றுப் பொழுது இறங்கும்போது இரண்டு யானைகள் வாழைத் தோட்டத்துப் பக்கம் திரும்பின. நஞ்சன் வெடியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினான். பின்னாலேயே ஓடிப்போய், அவனை நிறுத்தி, மூடியை அவன் காதில் மாட்டினேன். சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. சுற்றிலும் பார்த்தான். தோட்டக்காரர்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், நாய் குரைத்துக்கொண்டிருந்தது, அதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அவன் என் பக்கம் திரும்பினான். உதட்டைப் படிக்க எனக்குச் சிரமம் இல்லை.

"இப்படித்தான் இருக்குதா சார் உங்களுக்கு?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவன் மூடியைக் கழற்றப் போனான். கையைத் தட்டிவிட்டு, தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.